சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

பாலிகிளினிக்கிலிருந்து வந்த கடிதம் ஒன்று அன்று பூக்கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது. முழுக்க ஆங்கிலம். நான் அதை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம். ஒரு முழம் மல்லிக்காக நின்றிருந்த பெண் சொன்னார்: "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்களாக்கா? குடுங்க, நான் படிக்கிறேன்."

என்னிடம் கண்ணாடி எப்போதுமே இருந்ததில்லை. அதை நான் சொல்லவும் இல்லை. அவர் கடிதத்தை வாங்கி, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரத்தப் பரிசோதனை, முந்தின நாள் இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். பிறகு தேதி மேலே தெரியும்படி மடித்துக் கொடுத்துவிட்டு, பூவை வாங்கிக்கொண்டு போனார்.

அவர்தான் பரீதா டீச்சர். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் அதே கேள்வி. "இன்னைக்கும் கண்ணாடி இல்லையா?" நான் "இல்லம்மா" என்பேன். மூன்று வருஷமாக நானும் கண்ணாடி வாங்கவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஈசூன் வட்டாரத்தில் அம்மாவோடு குடியிருந்தார். அங்கேயே ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வயது முப்பத்தெட்டு. இன்ஜினியரிங் படித்தவர். படித்து முடித்த வருஷம் அப்பா படுத்துவிட்டதால், மேலே ஆராய்ச்சிக்குப் போகாமல் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். பதினைந்து வருஷமாக அந்த வேலைதான். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து கதையாகச் சொன்னதில்லை. பூ வாங்கும் நேரத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியமாகச் சேர்ந்தது. மல்லி அவருடைய அம்மா ஆமினா பீவிக்கு. அந்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை தலையில் பூ இல்லாவிட்டால் சோறு இறங்காதாம்.

எங்கள் கடை தேக்கா கடைத்தெருவில், ஐந்தடி நடைபாதையில் ஒரு தூணை ஒட்டி இருக்கிறது. முதலாளி வேலாயுதம் அண்ணன். கட்டுவது நான். ஊரிலிருந்து விமானத்தில் சாங்கி விமான நிலையத்துக்கு வரும் மல்லி, பனிக்கட்டியோடு தெர்மாகோல் பெட்டியில் காலையில் கடைக்கு வந்துவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி எங்கள் மேல் அடிக்கும். அப்போது மொட்டு பழுப்பேறத் தொடங்கும். ஃபிரிட்ஜ் வைக்க இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. நான் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பேன், பழுத்ததைக் கழித்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவுக்கா கழிப்பீங்க?"

"பத்துக்கு மூணு போகும். தீபாவளி நேரத்துல நாலு."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் சிவானியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிவானி பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் பெண். நடக்கும்போதும் பேசும்போதும் அவசரம். ஆசிரியர் ஒருவரும் இன்ஜினியரிங் மாணவர் ஒருவரும் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறதாம். முதல் கட்டத்தில் பொருள் செய்து சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் கொடுப்பார்கள். அது நன்றாக வந்தால் இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டம் கிடைத்தால் சிவானிக்கு மேற்படிப்புக்கு வழி திறக்கும். டீச்சருக்கு ஒரு வருஷம் பள்ளியிலிருந்து விடுப்பு, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முழு நேரமும் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

"ஒரு வருஷம் முழுசாக்கா," என்றார் டீச்சர். இரண்டு தடவை சொன்னார். வழக்கமாக அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை.

மின்சாரம் இல்லாமல் பூவைக் காக்கும் ஒரு பெட்டி செய்வதாக எழுதிப் போட்டார்கள். முதல் கட்டம் கிடைத்தது. சிவானி இரண்டு பெட்டியோடு வந்தாள். சிவப்புப் பட்டை ஒட்டியது அவள் செய்த புதுப் பெட்டி. இரட்டைச் சுவர், நடுவில் உறைய வைத்த உப்புத் தண்ணீர்ப் பைகள், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைக்க ஏதோ ஒரு துணி. நீலப் பட்டை ஒட்டியது நாங்கள் என்றைக்கும் வைத்திருக்கும் சாதாரண தெர்மாகோல் பெட்டி. அதற்கும் அதே அளவு பைகள். உறைந்த பைகளை வேலாயுதம் அண்ணன் தினமும் காலையில் வீட்டிலிருந்து கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்.

"ஆன்ட்டி, ஈசி தான்," என்றாள் சிவானி. "திங்கக்கிழமை இதுல பத்து சரம், அதுல பத்து சரம். ஒண்ணு ஒரு முழம். மூணு நாள் இருக்கணும். அப்புறம் வியாழக்கிழமை புதுசா பத்து, பத்து. தினமும் பத்து மணி, ரெண்டு மணி, ஆறு மணிக்குத் திறந்து, பழுத்த மொட்டு எத்தனைன்னு எண்ணி எழுதணும். பெட்டில எப்பவும் பத்து இருக்கணும், குறையக் கூடாது. யாரும் கேட்டா அதுலருந்து எடுத்து வித்துடாதீங்க லா."

"எங்கள என்ன திருடங்கன்னு நினைச்சியா?" என்றார் வேலாயுதம் அண்ணன்.

"உங்கள இல்ல அங்கிள். உங்க வியாபாரத்த."

எழுதுகிற தாளை டீச்சர் கொடுத்தார். தலைப்பெல்லாம் அவர் கையால் தமிழில் எழுதியிருந்தது. கட்டத்தில் எண் மட்டும் போட்டால் போதும்.

பெட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். கடையில் தட்டுகள் இரண்டுதான். மேல் தட்டில் அம்மன் படமும் விளக்கும். கீழே தண்ணீர் வாளி, செருப்பு, குப்பைப் பை. டீச்சரின் புதுப் பெட்டி படிப்பு சம்பந்தப்பட்டது, அதைக் கால் படுகிற இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. படத்தை ஒரு சாண் நகர்த்தி, சிவப்புப் பெட்டியை மேல் தட்டில் வைத்தேன். நீலப் பெட்டி கீழே போனது. டீச்சருக்கு அது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அதன் பிறகு ஆறு வாரத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தத் தட்டில் கை வைக்கவில்லை. சாமி இருக்கிற இடம், நாமாக எதையும் தொடக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது. தொடலாமா என்று கேட்கவும் அவருக்குக் கூச்சம். நான் எடுத்துக் காட்டினால் பார்ப்பார், இல்லையென்றால் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். சிவானிக்கு வகுப்பு, பரீட்சை. அவள் நான்கு தடவைதான் வந்தாள்.

அந்த ஆறு வாரத்தில் பாதி நோன்பு மாதம். டீச்சர் வந்து நின்றால் வேலாயுதம் அண்ணன் தண்ணீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைப்பார். "குடிங்கண்ணே, உங்க தாகம் எனக்குப் புண்ணியமா எழுத மாட்டாங்க," என்பார் டீச்சர். அண்ணன் கடைசி வரை அவர் முன்னால் குடிக்கவில்லை. என்னைக் கிண்டல் செய்வதை மட்டும் நிறுத்தவில்லை. "செல்லக்கண்ணு இப்ப சயின்டிஸ்ட் லா. கதம்பம் கட்டச் சொன்னா, இருங்க ரெண்டு மணி ஆச்சு, எண்ணிட்டு வர்றேங்குது."

எண்ணி எழுதியதில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். நீலப் பெட்டியில் முதல் நாள் சாயங்காலமே பழுத்தது இருபது, முப்பது என்று போகும். சிவப்புப் பெட்டியில் இரண்டு, மூன்று, சில நாள் ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் காலையிலும் புதிதாகக் கட்டியது போல இருக்கும்.

டீச்சர் தாளைப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை நெற்றியைச் சுருக்கினார். "சிவானி அளந்ததுல உள்ளே சூடு ரெண்டு டிகிரிதான் வித்தியாசம். பூ இவ்வளவு நல்லா வரக் கூடாதே."

"டீச்சர், நல்லா வந்தா ஏன் அழணும்?" என்றாள் சிவானி.

"அழலம்மா. புரியல."

ஆறு வாரம் முடிந்து தாள்களைக் கொண்டுபோனார்கள். பெட்டிகள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேரும் ஒரு பெட்டி குவேயோடு வந்தார்கள். பச்சையும் வெள்ளையும் அடுக்கடுக்காக இருக்கும் தேங்காய்ப்பால் பலகாரம் அது. இரண்டாம் கட்டத்துக்குத் தேர்வாகிவிட்டார்களாம். பள்ளியில் சொல்லியாகிவிட்டது, ஜனவரியிலிருந்து டீச்சருக்கு வகுப்பு இல்லை. இன்னும் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. அண்ணன் ஒரு குவேயை வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப எங்க கடை பேரையும் பேப்பர்ல போடுவாங்களா?" என்று கேட்டார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே மேல் தட்டைப் பார்த்தார். "இப்ப அதுல என்னக்கா வச்சிருக்கீங்க?"

"உங்க பத்து சரந்தாம்மா. பழக்கத்துல வச்சிக்கிட்டே இருக்கேன். காலையில கூட ரெண்டு மாத்தினேன்."

"மாத்தினீங்களா?"

"வாடினதை எடுத்துட்டுப் புதுசு வச்சேன். தினமும் காலையும் சாயங்காலமும் விளக்கேத்துறதுக்கு முன்னாடி பார்த்து மாத்துறதுதானே. சாமி பக்கத்துல வாடின பூ இருக்கலாமா?"

டீச்சரின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது, அப்புறம்தான் போனது. "நாங்க எண்ணின ஆறு வாரமும் மாத்தினீங்களா?"

"ஆமாம்மா. பத்து குறையக் கூடாதுன்னு பாப்பா சொல்லுச்சுல்ல. எடுத்தா எடுத்த அளவு வச்சிடுவேன். எடை கூட ஒண்ணா இருக்கும்."

"கீழ இருந்த பெட்டிலயும் மாத்தினீங்களா?"

"அதுல ஏன் மாத்தணும்? அது கீழதானே இருந்துச்சு."

சிவானி கையிலிருந்த குவேயைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. பெட்டியைத்தான் சோதிக்கிறார்கள், உள்ளே எந்தப் பூ இருந்தால் என்ன என்று நான் நினைத்திருந்தேன். அதே பூ எத்தனை நாள் தாங்குகிறது என்பதுதான் சோதனை என்று அது வரை எனக்குத் தெரியாது.

"யாருக்கும் தெரியாது டீச்சர்," என்றாள் சிவானி மெதுவாக. "நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். ரெண்டாம் கட்டத்துல சரியா செஞ்சிக்கலாம். எப்படியும் திரும்பச் செய்யத்தானே போறோம்?"

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதான் டீச்சர்," என்றார் அண்ணன். "பெட்டி நல்ல பெட்டிதானே."

டீச்சர் கடைக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தாள்களின் படத்தைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து, "குவே சாப்பிடுங்கக்கா, மத்தியானத்துக்கு மேல புளிச்சிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். சிவானி கொஞ்சம் பின்தங்கி என்னைப் பார்த்தாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பை ஆன்ட்டி," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. செய்தது சாமிக்குச் செய்த மரியாதை. கெட்டது இன்னொருவருடைய ஒரு வருஷம். அம்மன் முன்னால் கையைக் கூப்பி வெறுமனே நின்றுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் மட்டும் வந்தார். பள்ளி முடிந்து நேராக வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார். "அறக்கட்டளைக்கு எழுதியிருக்கேன். அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க கேக்கணும். நடந்தது ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க."

வழக்கம் போல் கண்ணாடியைப் பற்றிக் கேட்டார், நான் இல்லை என்றேன், அவர் தமிழில் சொன்னார். சிவப்புப் பெட்டியில் வாடிய சரங்கள் தினமும் எடுக்கப்பட்டுப் புதிய சரங்கள் வைக்கப்பட்டன. ஆகவே ஆறு வாரக் கணக்கும் செல்லாது. பெட்டி வழிபாட்டு இடத்தை ஒட்டி வைக்கப்பட்டது. அந்த இடத்தின் வழக்கம் என்ன என்று ஆய்வாளர் கேட்டறியவில்லை. மாணவி தன் பங்கைச் சரியாகச் செய்தார். கடைப் பணியாளர் தம்மிடம் சொல்லப்பட்டபடியே செய்தார்.

"அது அப்படி இல்லம்மா," என்றேன். "நான்தானே மாத்தினேன். என் பேரப் போடுங்க."

"பத்து இருக்கணும்னுதானே சொன்னோம்?"

"ஆமா."

"பத்து இருந்துச்சுல்ல?"

நான் பூ கட்டும் நாரை எடுத்து விரலில் சுற்றினேன்.

"அப்ப எழுதினது சரிதான்." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் வேணா உங்க கூட வந்து அவங்ககிட்ட சொல்லட்டுமா டீச்சர்? இது எங்க பழக்கம், தெரியாம நடந்துச்சுன்னு. கேட்டா மனசு எறங்க மாட்டாங்களா?"

"எறங்குவாங்கக்கா. அதுக்காக எண்ணிக்கை சரியாயிடாதே." கொஞ்சம் நின்று, "ஒரு முழம் குடுங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லன்னாலும் பரவால்ல," என்றார்.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. இரண்டாம் கட்டம் ரத்து. நேர்மையாகத் தெரிவித்ததற்கு நன்றி என்று ஒரு வரி இருந்ததாம். மறுபடி விண்ணப்பிக்க இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்கும் பள்ளி முதல்வர் அவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். ஜனவரியில் டீச்சர் வகுப்புக்கே திரும்பினார். சிவானி அதே இரண்டு பெட்டிகளைப் பாலிடெக்னிக்கில் வைத்து, எங்கள் கடையிலிருந்தே பூ வாங்கிப்போய் இரண்டு வாரம் எண்ணினாள். புதுப் பெட்டியில் மல்லி அரை நாள் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான். அதை வைத்துத் தன் படிப்பை முடித்தாள். மேற்படிப்புக்கு அந்த வழி திறக்கவில்லை. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. போகும்போது சிவப்புப் பெட்டியைக் கடையிலேயே கொடுத்துவிட்டாள். "அரை நாளுன்னாலும் அரை நாள் தானே ஆன்ட்டி. வச்சிக்கோங்க." நான் அதை அதே மேல் தட்டில் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சருக்குப் பதிலாக ஒரு வயதான அம்மா, முக்காடும் கைத்தடியுமாக வந்து நின்றார். "பூக்காரம்மா நீதானா?" என்றார். ஆமினா பீவி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த அம்மா தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவ வருசம் பூரா ஆய்வுக்கூடத்துல கெடந்தா எனக்கு யாரு பூ வாங்கியாருவா? ரெண்டு முழமா குடு. போன வாரம் ஒரு முழம்னு குடுத்தியே, உன் முழங்கை என்ன சின்னப்புள்ள முழங்கையா?"

நான் மூன்று முழம் அளந்தேன். அவர் விரலால் அளந்து பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் மகள் அழுதாரா, பேசாமல் இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து டீச்சரே மறுபடி வந்தார். ஆய்வைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பூக்கடையில் எதெல்லாம் செய்யக் கூடாது என்று கேட்டார். சாமிக்கு வைக்கும் பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது, கீழே விழுந்ததைக் கட்டக் கூடாது, காலால் தள்ளக் கூடாது, வாடினதை விளக்குப் பக்கம் விடக் கூடாது என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "முதல்லயே கேட்டிருக்கணும்," என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டை மூடிப் பூவை வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்குத் தீவின் மேற்கே, ஜூரோங் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாயிற்று. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீடு மாறுவதாகச் சொல்ல வந்தார். அன்றைக்கு என்னிடம் ஒரு கடிதம் இருந்தது. வழக்கம் போல் அவரே பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். கண் மருத்துவப் பிரிவிலிருந்து வந்தது, மாசக் கடைசியில் வரச் சொல்லியிருந்தார்கள். படித்து, தேதி மேலே வரும்படி மடித்துக் கொடுத்தார்.

"என்னால உங்க ஒரு வருஷம் போயிடுச்சு டீச்சர்," என்றேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான்.

அவர் மேல் தட்டைப் பார்த்தார். சிவப்புப் பெட்டி இருந்தது, பக்கத்தில் அம்மன் படம், காலையில் போட்ட சரம். மல்லியைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"பெட்டி அங்கேயே இருக்கட்டும்க்கா, இனிமே அதுல நீங்க தாராளமா மாத்திக்கலாம், யாரும் எண்ண மாட்டாங்க. அப்புறம், மாசக் கடைசில போறப்ப ஒரு கண்ணாடி வாங்கிக்கோங்க. ஜூரோங்லருந்து ஓடி வந்து நான் படிக்க முடியாது லா."